பேய்ப்பாட்டுக்காரன் மகள்

அந்தப் புகைப்படத்தை வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தது மூத்தவள்தான். தங்கை இறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. குழந்தையின் துணிகளை மடித்து வைக்கிறேன் என்று தங்கை வீட்டு அலமாரியைத் திறந்தவள், கண்ணில் பட்ட அந்தப் படத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

படத்தில் நாலு வயதுக் குழந்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தது. காதுகளில் அதன் தலையையே விழுங்கிவிடும் அளவுக்குப் பெரிய நீலக் காதுமூடி. அப்பாவுக்கு இடுப்புவரை முடி, கறுப்பு பனியன், பனியனில் பல்லை இளிக்கும் மண்டையோடு. குழந்தை ஒரு கையை உயர்த்தி, சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் கொம்புபோல நீட்டிக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரித்தது.

வக்கீல் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இந்தக் கொம்பு எதுக்கும்மா?"

"பேயைக் கும்பிடறது சார். அவங்க கூட்டமே அப்படித்தான்."

"இது ஒண்ணு போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மூத்தவளுக்கு அப்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல்தான் இருந்தது.

அவள் கெட்டவள் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். எந்த டாக்டரின் கிறுக்கலாக இருந்தாலும் படித்துவிடுவாள். தவறான மாத்திரை ஒன்றுகூட அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. கணவர் நில அளவையாளர். பேச்சையும் சங்கிலி போட்டு அளந்துதான் பேசுவார் என்று அவரைக் கேலி செய்வாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அம்மா சீக்கிரமே போய்விட்டதால், ஒன்பது வயது இளையவளான தங்கையைத் தலைவாரி, பல் தேய்த்து, பரீட்சைக்கு உட்காரவைத்து வளர்த்தவள் அவள்தான். அந்தத் தங்கையை முடி வளர்த்த ஒருவன் தட்டிக்கொண்டு போனதை அவளால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

இளையவள் பல் மருத்துவமனையில் செயற்கைப் பல் செய்யும் வேலையில் இருந்தாள். இருபது வயதில் யாரோ ஒரு தோழி கொடுத்த இசைத்தட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. ஹெவி மெட்டல் என்றாள். அறையைச் சாத்திக்கொண்டு அவள் அதைப் போட்டால், தகரக் கூரையில் யாரோ மூட்டை மூட்டையாகக் கல்லைக் கொட்டுவது போலிருக்கும். ஒருநாள் மருத்துவமனையில் லிஃப்ட் நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவன் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருக்க, அவன் காதுக்கருவியிலிருந்து அதே பாட்டு கசிந்துகொண்டிருந்தது. இளையவள் குழியின் விளிம்பில் குனிந்து பாட்டின் பெயரைச் சொன்னாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். அவ்வளவுதான், காதல் ஆகிவிட்டது. அவன் கூட்டாளிகள் அவனைச் சடையன் என்று கூப்பிடுவார்கள்.

"முதல்ல முடியை வெட்டிட்டு வரச் சொல்லு. அப்புறம் பேசலாம்," என்றாள் மூத்தவள்.

"ஐயோ அக்கா, அது லிஃப்ட்ல சிக்கிடக் கூடாதுன்னு தினமும் காலையில நான்தான் பின்னி விடப்போறேன். வெட்டிட்டா எனக்கு வேலை போயிடும்!" என்று சிரித்தாள் இளையவள். சிரித்துக்கொண்டே போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.

அதன்பிறகு இளையவள் குழந்தையோடு மட்டும்தான் அக்கா வீட்டுக்கு வருவாள். உருவம் சின்னது, பேச்சு காரம் என்பதால் குழந்தைக்கு மிளகு என்று பெயர் வைத்திருந்தாள். சடையன் தெருமுனைவரை வந்து விட்டுவிட்டுப் போய்விடுவான். கல்யாணமாகி எட்டு வருஷம் இப்படியே ஓடியது. மிளகுக்கு ஆறு வயது. ஒருநாள் மதியம் வேலை மேஜையில் இருக்கும்போது தலை வலிக்கிறது என்று சொன்ன இளையவள் மாலைக்குள் இல்லாமல் போனாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன்போல வீங்கியிருந்து வெடித்துவிட்டது என்றார்கள். அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது.

துக்க வீட்டுக்குச் சடையனின் கூட்டாளிகள் நாற்பது பேர் வந்தார்கள். எல்லாம் கறுப்பு பனியன், தாடி, கையெல்லாம் பச்சை. எதிர் வீட்டார் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். நாற்பது பேரும் வெயிலில் வரிசையாக வாய் திறக்காமல் நின்றார்கள். கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றினார்கள், டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார்கள். மூத்தவள் அதையெல்லாம் பார்த்தாள். ஆனால் அவள் கண்ணில் நின்றது மண்டையோடுகள் மட்டும்தான். என் தங்கச்சி சாவுக்குப் பேய்க்கூட்டம் வந்து நிக்குதே என்று வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் ஒருநாள், மிளகு அவள் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே சொன்னாள்:

"பெரியம்மா, அப்பா தினமும் ரூமைச் சாத்திக்கிட்டு சத்தமா பாட்டுப் போடுவாரு. உள்ள கத்துவாரு."

"நீ எங்கடா இருப்ப?"

"ஹால்ல. டிவியில பொம்மைப் படம் போட்டு விட்டுடுவாரு."

"உனக்குப் பயமா இருக்கும்ல?"

குழந்தை பிஸ்கட்டை நக்கியபடி யோசித்தது. "தெரியல."

குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டுப் போட்ட மனுவில், 'குழந்தை மிகவும் பயப்படுகிறாள்' என்று எழுதச் சொன்னாள் மூத்தவள்.

வழக்கு நாளன்று சடையன் முடியை வெட்டிவிட்டு வந்தான். எங்கோ அவசரமாகக் கொடுத்து வெட்டியிருக்க வேண்டும். வருஷக்கணக்கில் வெயில் படாத பிடரி வெளுத்துத் தெரிந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில், யாரோ இரவல் கொடுத்த உடம்போடு வந்தவன்போல நின்றான். தாழ்வாரத்தில் அவன் கையை நீட்டியதும், முந்தின நாளே பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்த மிளகு அவள் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்பா என்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "மிளகு, நான்தாண்டா," என்று குரல் கொடுத்த பிறகுதான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் அவன் முதுகில் கையை விட்டுத் தேடினாள். "முடி எங்கப்பா?" என்று அழ ஆரம்பித்தாள்.

நீதிபதி வயதான அம்மாள். புகைப்படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"அறையைச் சாத்திக்கிட்டுக் கத்துவீங்கன்னு குழந்தை சொல்லியிருக்கா. உண்மையா?"

சடையன் தன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாங்க," என்றான் அவன்.

"எதுக்கு?"

அவன் மறுபடியும் வக்கீலைப் பார்த்தான். குழந்தை பெரியம்மா வீட்டில் வளரட்டும், தகப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை அழைத்துப் போகலாம் என்று தீர்ப்பானது. வெளியே வந்ததும் மூத்தவளின் வக்கீல், "முடியோட வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். வெட்டிட்டு வந்து அரை மணி நேரம் இழுத்துட்டான்," என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் கணவர் மட்டும், "சரி, ஜெயிச்சுட்ட," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

இரண்டு வருஷம் போனது. மிளகுக்கு எட்டு வயது. மூத்தவள் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், பிசிறில்லாத இரட்டைப் பின்னல். சடையன் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. பத்து மணிக்கு வாசலில் நிற்பான், ஐந்து அடிக்கும்போது கொண்டுவந்து விட்டுவிடுவான். மணியைப் பார்க்காமலே அவன் வருகையை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். முடியை மறுபடி வளர்க்கவே இல்லை. ஆனாலும் அவன் வந்து போன ஒவ்வொரு முறையும் மூத்தவளுக்கு ஒரு பயம். ஒருநாள் இவனிடமே பிள்ளை போய்விட்டால்?

அப்படியொரு ஞாயிறு மாலைதான் மிளகு கேட்டாள்: "பெரியம்மா, அம்மாவுக்கு ஏன் தலை வலிச்சுது?"

மூத்தவளுக்குப் பதில் தெரியும். அந்த வீக்கம் பிறவியிலேயே இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவள் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத் தெளிந்துகொண்டவள். குழந்தைக்குப் புரியும்படி அதைச் சொல்லவும் அவளால் முடியும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்தப் பேய்ப்பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான். அந்தச் சத்தத்துல மண்டைக்குள்ள நரம்பு வெடிச்சிடுச்சு."

மிளகு இரண்டு கையாலும் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூத்தவள் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். சொன்னது பொய் என்பதுகூட நாளாக நாளாக அவளுக்கு மறந்துபோனது. ஒருவேளை நிஜமாகவே இருக்கும் என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

ஒரு ஞாயிறு சடையன் இரண்டு மணிக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவன் முழங்கை தோல் உரிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பைக் கடை ஒன்றைத் தாண்டி இருவரும் நடந்துபோனபோது, உள்ளே யாரோ அந்த மாதிரிப் பாட்டு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். மிளகு காதைப் பொத்திக்கொண்டு அலறி, கையை உதறிவிட்டு நடு ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். லாரி வந்துகொண்டிருந்ததாம். அவன் பாய்ந்து இழுத்ததில் இருவரும் தார் ரோட்டில் உருண்டிருக்கிறார்கள்.

"என்ன ஆச்சுன்னே தெரியலங்க," என்றான். "மூணு வயசுல இந்தப் பாட்டுக்குக் குதிச்சு ஆடினவ."

மூத்தவள் அவன் காயத்துக்கு மருந்து போட்டுவிட்டாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்ததும் மிளகைக் காணவில்லை. கட்டிலுக்கடியில் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். மூத்தவள் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். குழந்தையின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன. இரண்டு வருஷமாக அவள் ஆசைப்பட்டது இதுதான், பிள்ளை அவனோடு போக மாட்டேன் என்று சொல்ல வேண்டும். இதோ, சொல்கிறது. அதைக் கண்ணால் பார்த்தபோது, ஏன் ஆசைப்பட்டோம் என்றிருந்தது அவளுக்கு. சடையன் அறை வாசலில் நின்று கட்டிலுக்கடியில் தெரிந்த சின்னப் பாதங்களைப் பார்த்தான். "பரவால்ல, விடுங்க. பயமுறுத்த வேணாம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அதற்கப்புறம் நாலு ஞாயிறு அவன் வரவில்லை. ஃபோன் செய்தாலும் எடுக்கவில்லை. அவன் வீடு பூட்டிக் கிடந்தது.

நாலாவது ஞாயிறு இரவு சாப்பிடும்போது மூத்தவள் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், நரம்பு வெடித்த கதை உட்பட. அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "அளவு தப்பாப் போயிடுச்சுன்னா எல்லைக்கல்லைப் பிடுங்கி மறுபடி நட்டுடலாம்," என்றார். "இது கல்லு இல்லையே." அவர் அவளிடம் அவ்வளவு கடுமையாக எதுவும் சொன்னதே இல்லை.

சடையன் எந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், அந்தக் கூட்டம் ஒரு பழைய சினிமாக் கொட்டகையில் கூடும் என்று தங்கை எப்போதோ சொன்னது மட்டும்தான். ஐந்தாவது ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அங்கே போனாள்.

வாசலில் வேன் நின்றது. கறுப்பு பனியன்கள் ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுமந்துகொண்டிருந்தார்கள். நெஞ்சுவரை தாடி வைத்த ஒரு தடியர் அவளைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தார். துக்க வீட்டில் நாற்காலி அடுக்கியவர். அவருக்கும் அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் இறுகியது. ஆனாலும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கக்கா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"அவரைப் பார்க்கணும்."

"எவரை? அவன் இங்க வர்றதில்லையே. கேஸ் முடிஞ்சதும் ஒரே ஒரு தடவை வந்தான், அதுவும் வாசல்வரைக்கும். உள்ள கூப்பிட்டோம். 'யாராவது பாத்து கோர்ட்டுல சொல்லிட்டா ஞாயித்துக்கிழமையும் போயிடும்டா'ன்னுட்டுப் போயிட்டான். கிட்டார், இசைத்தட்டு, பனியன் எல்லாத்தையும் எங்கிட்டயே கொண்டாந்து போட்டுட்டான்."

மூத்தவள் மேடையைப் பார்த்தாள். ஒரு பெண் வயர்களைத் தரையோடு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நுழைவாயில் மேஜையில் ஒரு கிண்ணம் நிறையப் பஞ்சுக் காதடைப்பான்கள், பக்கத்தில் குழந்தைகளுக்கான காதுமூடிகள் நாலைந்து. நீலம், சிவப்பு.

"அது எதுக்கு?" என்றாள்.

"புள்ளைங்க காது கெட்டுடக் கூடாதே. மிளகுக்குத்தான் முதல்ல வாங்கினோம். உங்க தங்கச்சி அது இல்லாம புள்ளையைக் கதவைத் தாண்ட விடமாட்டா." தடியர் அவள் எதிரில் பெட்டிமேல் உட்கார்ந்தார். "நான் ஆம்புலன்ஸ் ஓட்டறேங்க்கா. அந்தா வயர் ஒட்டறாளே, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். எங்களைப் பாத்தா ரயில்ல பக்கத்து சீட்டுல உக்கார மாட்டாங்க. அது பழகிடுச்சு. இந்தப் பாட்டு பொறந்த காலத்துலேருந்தே அப்படித்தான். அது எங்க பொறந்துச்சு தெரியுமா? ஒரு தொழிற்சாலை ஊர்ல. தகடு வெட்டற மிஷின்ல ஒரு பையனுக்கு ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. கிட்டார் வாசிக்கிறவன். இனிமே முடியாதுன்னுட்டாங்க. அவன் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டான். வலி தாங்கலன்னு கம்பியைத் தளர்த்திக் கட்டினான். அதனாலதான் அந்தச் சத்தம் அவ்வளவு கனமா, இருட்டா வந்துச்சு. பேயும் இல்ல, பிசாசும் இல்லக்கா. வலிக்கிறவன் கண்டுபிடிச்ச சத்தம்."

மூத்தவள் மேஜையிலிருந்த நீலக் காதுமூடியை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பின்னாடி இந்தப் பாட்டுக்காரங்களையும் கோர்ட்டுக்கு இழுத்தாங்க. புள்ளைங்க சாவுக்குப் பாட்டுதான் காரணம்னாங்க. இசைத்தட்டைப் பின்பக்கமாச் சுத்தவிட்டு, உள்ள யாராவது ஒளிஞ்சிருந்து பேசறாங்களான்னு காது குடுத்துக் கேட்டாங்க. இந்தக் கை, நீங்க ஃபோட்டோவுல காட்டினீங்களே, இது ஒரு பாடகர் தன் பாட்டிகிட்டப் பாத்ததாச் சொல்வாங்க. கண்ணு படக்கூடாதுன்னு காட்டற கை."

"அவர் கத்தினது..." என்றாள் மூத்தவள். "அறையைச் சாத்திக்கிட்டுக் கத்துவாருன்னு குழந்தை சொன்னது நிஜம்தானே?"

தடியர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா? அழுவான்க்கா. வாய்விட்டு அழுவான். புள்ளை காதுல விழக்கூடாதுன்னு பாட்டை ஏத்தி வெச்சுப்பான். இதை ஜட்ஜம்மாகிட்டச் சொல்லுடான்னேன். அவனோட வக்கீல்தான் வேணாம்னுட்டாரு. இப்படி அழுதுகிட்டுக் கிடக்கறவன்கிட்டக் குழந்தையை எப்படி விடறதுன்னு கேப்பாங்களாம். கத்தினாலும் தப்பு, அழுதாலும் தப்பு. என்ன செய்வான்?"

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பெட்டி சுமந்தவர்கள் அவளைச் சுற்றிச் சத்தம் போடாமல் நடந்தார்கள். கணக்கு டீச்சர் வந்து, ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். கிளம்பும்போது தடியர் சடையன் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார்.

மறுநாள் மதியம் அங்கே போனாள். மூன்றாவது கட்டடத்தில் லிஃப்டின் முன்னால் 'பழுது' என்று பலகை வைத்திருந்தது. கதவு திறந்திருக்க, குழிக்குள் சடையன் நின்றுகொண்டிருந்தான். தலை மட்டும் தரைமட்டத்தில் தெரிந்தது. காதில் எந்தக் கருவியும் இல்லை. அவளைப் பார்த்ததும் பதறி மேலே ஏறினான்.

"மிளகுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. நல்லாயிருக்கா." மூத்தவள் அவனை எப்படிக் கூப்பிடுவது என்று தடுமாறினாள். பத்து வருஷத்தில் அவனை அவள் ஒன்றுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை. "தம்பி, அவளைக் கூட்டிட்டுப் போயிடுங்க. கோர்ட்டுல நானே எழுதிக் குடுக்கறேன். நான் செஞ்சது தப்பு. தெரிஞ்சே செஞ்சேன்."

அவன் கையிலிருந்த கிரீஸைப் பழந்துணியால் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். படிக்கட்டில் நோயாளிகள் மூச்சு வாங்க ஏறிப் போனார்கள்.

"அவளைக் கேக்கணும்ங்க," என்றான் கடைசியில். ஆனால் அவன் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்ததை அவள் பார்த்தாள். அதைப் பார்த்தபின் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

ஞாயிறு அவன் வந்தபோது மூத்தவள் மிளகின் துணிகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். மிளகு பெட்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள்.

"அப்பாகூடப் போய் இருக்கியாடா? உன் பழைய வீட்டுல," என்றாள் மூத்தவள். குரலில் எவ்வளவு சர்க்கரை போட முடியுமோ அவ்வளவு போட்டாள்.

மிளகின் உதடு பிதுங்கியது. "நான் என்ன தப்பு பண்ணேன் பெரியம்மா? ஏன் என்னை அனுப்பறீங்க?"

"ஐயோ, தப்பெல்லாம் இல்லடா. அப்பாவுக்கு உன்னை எவ்வளவு பிடிக்கும் தெரியுமா..."

"வேணாம். அங்க அந்தப் பாட்டு இருக்கு. அதைக் கேட்டா எனக்கும் மண்டைக்குள்ள நரம்பு வெடிச்சிடும். அம்மா மாதிரி செத்துப்போயிடுவேன். நீங்கதானே சொன்னீங்க?"

சடையன் மெல்லத் தலையைத் திருப்பி மூத்தவளைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் வரும், வந்தால் காலில் விழுந்துவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. ரோட்டில் ஓடியது ஏன், கட்டிலுக்கடியில் ஒளிந்தது ஏன் என்று ஒவ்வொன்றாக அவனுக்குள் விளங்கிக்கொண்டு போவது முகத்தில் தெரிந்தது. அவ்வளவுதான்.

அவன் குழந்தைக்கு முன்னால் குந்தினான். தொடவில்லை.

"யாரும் உன்னை எங்கயும் அனுப்பலடா. பெரியம்மா சும்மாக் கேட்டாங்க. நீ இங்கதான் இருக்கப்போற. சரியா? போ, போய் விளையாடு."

மிளகு உள்ளே ஓடினாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்க, மூத்தவள் பின்னாலேயே ஓடினாள்.

"தம்பி, நில்லுங்க. நான் அவகிட்ட உண்மையைச் சொல்லிடறேன். பொய் சொன்னேன்னு இப்பவே சொல்லிடறேன். பத்து நாள் அழுவா, அப்புறம் பழகிடுவா."

அவன் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"பழகிடுவாதாங்க. ஒரு தடவை பழகிட்டாளே. அவங்கம்மா போனதுக்குப் பழகினா. நான் இல்லாததுக்குப் பழகினா. மறுபடி இன்னொண்ணுக்குப் பழகுன்னு சொல்ல எனக்கு வாய் வரல." "இன்னைக்கே பொய்னு போட்டு உடைச்சுடாதீங்க. இப்ப அவ நம்பறதுக்கு உங்களை விட்டா ஆளில்ல. நீங்களும் பொய்னு தெரிஞ்சா, அந்தப் புள்ளை யாரைப் போய்ப் பிடிச்சுக்கும்?"

"அப்ப நீங்க?"

"அவ அம்மாவைக் கொன்ன பாட்டுக்காரன்தானே நான் இப்போதைக்கு?" என்றான். அப்போதுதான் அவன் குரல் உடைந்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், சத்தமாகப் போட்டுக்கொள்ள அங்கே ஒரு பாட்டும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். தங்கை செத்த அன்றுகூட மூத்தவள் அப்படியொரு அழுகையைக் கேட்டதில்லை. கையை நீட்டினாள், அவன் தோளைத் தொடும் தைரியம் வராமல் இழுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி வர ஆரம்பித்தான். மிளகை வெளியே கூட்டிப் போவதில்லை. ஹாலிலேயே உட்கார்ந்து அவளோடு தாயக்கட்டம் ஆடுவான், பாடநூலுக்கு அட்டை போட்டுக் கொடுப்பான், மிதிவண்டிக்குச் சங்கிலி மாட்டிக் கொடுப்பான். பாட்டைப் பற்றி மூச்சு விடமாட்டான். மூத்தவள் அம்மாவின் தலைவலியைப் பற்றி மிளகிடம் பக்குவமாகப் பேசிப் பார்த்தாள். சில பேருக்குப் பிறக்கும்போதே ரத்தக்குழாயில் ஒரு பலவீனம் இருக்கும் என்று படம்கூட வரைந்து காட்டினாள். மிளகு படத்தைப் பார்த்துத் தலையாட்டுவாள். ஆனால் தெருவில் கொஞ்சம் பெரிய சத்தம் கேட்டாலும் அவள் கை தானாகக் காதுக்குப் போய்விடும். இரண்டு நிமிஷத்தில் சொன்ன சொல், இரண்டு மாதமாகியும் வெளியே வரமாட்டேன் என்றது.

ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் குழந்தை விளையாட வந்திருந்தது. மூத்தவள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். ஹாலில் தாயக்கட்டை உருளும் சத்தம். புதுக்குழந்தை கேட்டது:

"இந்த அங்கிள் யாரு?"

தாயக்கட்டை உருள்வது நின்றது.

"எங்க சொந்தக்காரர்," என்றாள் மிளகு. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவாரு. நல்லவரு."

மூத்தவள் அடுப்பை அணைத்தாள். ஹாலுக்கு வந்து, "அவ அப்பா," என்றாள் அந்தக் குழந்தையிடம். பிறகு இன்னும் சத்தமாக, "அது மிளகோட அப்பா," என்றாள். புதுக்குழந்தை ஆச்சரியத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. மிளகு தலையைக் குனிந்துகொண்டு கட்டத்தில் காயை நகர்த்தினாள், அதுவும் தவறான கட்டத்தில். சடையன் அதைத் திருத்தவில்லை. கட்டைகளைப் பொறுக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் உருட்டாமலே உட்கார்ந்திருந்தான்.